ரேடாரில் மனித அசைவை அறிய: ஸ்பெக்ட்ரோகிராமா, புள்ளிமேகமா?

அறையில் இருப்பவர் நடக்கிறாரா, உட்காருகிறாரா, விழுந்துவிட்டாரா என்பதை ரேடாரை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கினால் ஒரு முடிவைத் தள்ளிப்போட முடியாது. ரேடார் தரும் சிக்னலை இயந்திரக் கற்றல் மாடலுக்கு எந்த வடிவத்தில் ஊட்டுவது? எந்த நேரத்தில் என்ன வேகம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படமாகவா, அல்லது எதிரொலி வந்த இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும், பாயின்ட் கிளவுட் என்று சொல்லப்படும் புள்ளிமேகமாகவா? நான் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் புள்ளிமேகத்தின் பக்கம் போனவன். அதனால் இந்த ஒப்பீடு நடுநிலையாக இருக்காது.

கேமராவா ரேடாரா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. ரேடார் இருட்டில் வேலை செய்யும், முகத்தைப் படம் பிடிக்காது. படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களுக்கு அதுவே போதுமான காரணம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: நடையை வைத்து ஆளை அடையாளம் காண ரேடாராலும் முடியும். அந்தரங்கத்துக்கு ஆபத்தே இல்லை என்று யாருக்கும் உறுதி கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் ஸ்பெக்ட்ரோகிராம். ரேடாரை நோக்கி வரும் உடலில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடும், விலகிப் போனால் குறையும். 60 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மில்லிமீட்டர். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நெருங்கும் உடல் 400 ஹெர்ட்ஸ் மாற்றத்தைத் தரும். ஆனால் மனித உடல் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. மார்பு ஒரு வேகத்தில் போகும்போதே கைகளும் கால்களும் வேறு வேகங்களில் வீசிக்கொண்டிருக்கும். இந்த நுண் வேறுபாடுகளுக்குத்தான் மைக்ரோ டாப்ளர் என்று பெயர். இதன் ரேடார் கணிதத்தை விளக்கிய விக்டர் சென்னின் கட்டுரை 2006-இல் வந்தது. 2009-இல் யங்வூக் கிம்மும் ஹாவ் லிங்கும் சப்போர்ட் வெக்டர் மெஷின் என்ற வகைப்படுத்தும் முறையைக் கொண்டு ஏழு செயல்களைப் பிரித்து, 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்ல முடியும் என்று காட்டினார்கள். அப்புறம் ஆழ்கற்றல் வந்தது. நேரம் ஒரு அச்சு, வேகம் இன்னொரு அச்சு என்று வரைந்தால் அது ஒரு படம்தான். படங்களைப் பிரிக்கும் சிஎன்என் என்ற நரம்பு வலையமைப்பு மாடல்களை அப்படியே பொருத்திவிடலாம் என்பதால் இந்த வழியில் தொடங்குவது சுலபம்.

புள்ளிமேகத்தின் கதை வேறு. பல ஆன்டெனாக்கள் கொண்ட எஃப்எம்சிடபிள்யூ ரேடார் (அதிர்வெண்ணைத் தொடர்ந்து மாற்றியபடி அலை அனுப்பும் வகை) தூரத்தையும் கோணத்தையும் வேகத்தையும் சேர்த்தே அளக்கும். சிஎஃப்ஏஆர் என்ற வடிகட்டி, சுற்றியிருக்கும் இரைச்சலைவிட உயர்ந்து நிற்கும் எதிரொலிகளை மட்டும் பொறுக்கி எடுக்கும். கடைசியில் கையில் வருவது ஒரு சட்டகத்துக்கு, அதாவது ரேடாரின் ஒரு சுற்று அளவீட்டுக்கு, சில பத்துப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆயங்கள், ஒரு வேகம், ஒரு வலிமை. லேசரால் அளக்கும் லிடார் தருவது போன்ற அடர்த்தியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை இருந்தால் தூரத்தில் 3.75 சென்டிமீட்டர் வரை பிரித்துப் பார்க்கலாம். ஆனால் மூன்று அனுப்பிகளும் நான்கு வாங்கிகளும் கொண்ட வழக்கமான சிப்பில் கோணத்தில் கிடைப்பது சுமார் 15 டிகிரி. மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரிடத்தில் அது முக்கால் மீட்டருக்கும் மேல். 2019-இல் வந்த ராட்ஹார் ஆய்வு இப்படிப்பட்ட புள்ளிகளைச் சிறு கனசதுரங்களாக அடுக்கி, ஐந்து உடற்பயிற்சி அசைவுகளைச் சுமார் 90 சதவீதம் சரியாகப் பிரித்துக் காட்டியது.

துல்லியத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். என் முடிவைத் தீர்மானித்தது வேறு: சென்சாரை இன்னொரு அறைக்கு மாற்றினால் என்ன ஆகும்?

ரேடார் அளக்கும் வேகம், அதன் பார்வைக் கோட்டின் திசையில் உள்ள வேகம் மட்டுமே. ஒருவர் அந்தக் கோட்டுக்கு 60 டிகிரி சாய்வாக நடந்தால் பாதி வேகம்தான் தெரியும். குறுக்காக நடந்தால் கிட்டத்தட்ட எதுவுமே தெரியாது. எதிரே விழுபவர்களை வைத்துக் கற்ற ஸ்பெக்ட்ரோகிராம் மாடலை எடுத்துப் பக்கச் சுவரில் மாட்டினால் அதே விழுதல் வேறு படமாக வரும். கணினியில் அந்தப் படத்தைத் திருப்பிச் சரிசெய்யவும் வழியில்லை, ஏனென்றால் குறுக்குத் திசை வேகம் அந்தச் சிக்னலிலேயே இல்லை. மறுபடியும் மெத்தை விரித்து, ஆட்களை விழச் சொல்லி, பதிவு செய்து, பெயரிட்டு, பயிற்சி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் இப்படியென்றால் அது ஆய்வகத்தைத் தாண்டாது.

புள்ளிமேகத்தில் சென்சாரின் உயரமும் சாய்வும் தெரிந்தால் போதும், ஒரு சுழற்சி அணியால் எல்லாப் புள்ளிகளையும் தரையை அடிப்படையாகக் கொண்ட ஆயங்களுக்கு மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு 'தரையிலிருந்து அரை மீட்டர்' என்பதற்கு எந்த அறையிலும் ஒரே பொருள்தான். விழுதலை அறிய இதைவிட நேரடியான அடையாளம் கிடையாது. குறுக்காக நடப்பவரின் வேகம் பூஜ்யத்தை ஒட்டி வந்தாலும், அவரது புள்ளிகள் நகர்ந்துகொண்டே போவதால் நடை தெரிந்துவிடும். பயிற்சித் தரவையும் சுழற்றிப் பெருக்கலாம். இதில் ஒரு கவனம் தேவை: சென்சாரை மையமாக வைத்துச் சுழற்றினால் வேக எண் மாறாது. நிற்கும் ஆளை மையமாக வைத்துச் சுழற்றினால் அந்த எண் பொய்யாகிவிடும்.

இதனால் புள்ளிமேகத்துக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று ஆகிவிடாது. சிஎஃப்ஏஆர் வரம்பை மாற்றினாலோ, சிப்பின் மென்பொருளைப் புதுப்பித்தாலோ புள்ளிகளின் எண்ணிக்கையே மாறும், பழைய மாடல் தடுமாறும். அமைப்புகளை ஒருமுறை உறுதிசெய்துவிட்டு அப்படியே பூட்டி வைப்பது நல்லது. இன்னொரு சிக்கல், சுவர் மேசை போன்றவற்றை நீக்க அசையாத எதிரொலிகளை அழிக்கும் வழக்கம். விழுந்தவர் அசையாமல் கிடந்தால் அவரும் சேர்ந்து அழிந்துபோவார். புள்ளிகள் மறைந்ததற்கு முன் கடைசியாக எங்கே, எந்த உயரத்தில் இருந்தன என்று நினைவில் வைத்தால்தான், வெளியே போனவரையும் கீழே கிடப்பவரையும் பிரிக்க முடியும். ஸ்பெக்ட்ரோகிராமிலும் அவர் அசையாவிட்டால் படம் வெறிச்சோடிவிடும், ஆனால் அங்கே கடைசி உயரம் என்ற துப்பு இருக்காது.

தரவின் அளவிலும் பெரிய வித்தியாசம். நான்கு வாங்கிகள், ஒரு சட்டகத்துக்கு 128 சிர்ப்கள் (ரேடார் அனுப்பும் அலைத் துணுக்குகள்), சிர்ப்புக்கு 256 மாதிரிகள், மாதிரிக்கு 4 பைட், நொடிக்கு 20 சட்டகங்கள் என்று வைத்தால் மூலத் தரவு நொடிக்கு 10 மெகாபைட்டைத் தாண்டும். அதைச் சேமிக்கத் தனி போர்டு வேண்டியிருக்கும். புள்ளிகளைச் சிப்பே கணக்கிட்டுக் கொடுத்துவிட்டால் சாதாரண சீரியல் இணைப்பு போதும்.

ஸ்பெக்ட்ரோகிராமைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேலைகளும் உண்டு. விரல் அசைவு, நொண்டும் நடை, தண்ணீர் குடிப்பதற்கும் போனை எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் போன்றவற்றுக்கு அதுதான். கையில் படும் பலவீனமான எதிரொலிகளைச் சிஎஃப்ஏஆர் பெரும்பாலும் வீசி எறிந்துவிடும். 2019-இல் பிக்சல் 4 போனில் வந்த சோலி ரேடாரும் கையின் வடிவத்தைப் பிரித்துப் பார்க்க முயலவில்லை, நேரப்போக்கில் சிக்னல் மாறும் விதத்தையே நம்பியது. உங்கள் தேவை இந்த வகை என்றால் நான் மேலே சொன்ன வாதங்கள் உங்களுக்குப் பொருந்தாது.

எதை எடுத்தாலும் சோதனைத் தரவை ஆள்வாரியாகவும் அறைவாரியாகவும் பிரியுங்கள். ஒரே பதிவை இரண்டு நொடித் துண்டுகளாக வெட்டிக் குலுக்கிப் பிரித்தால், அடுத்தடுத்த துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிடும். அந்த மதிப்பெண்ணை நம்பி எதையும் மாட்டக் கூடாது.

அறையில் இரண்டு பேர் இருந்தால் புள்ளிகளை டிபிஸ்கேன் என்ற, நெருங்கியவற்றைச் சேர்க்கும் அல்காரிதம் கொண்டு கொத்துகளாகப் பிரிக்கலாம், அது எனக்கு ஓரளவு ஒத்துவந்தது. ஒட்டி நிற்பவர்கள் ஒரே கொத்தாகிவிடுகிறார்கள். அதற்கு மேல் கூட்டமுள்ள அறைகளில் எனக்கு அனுபவம் போதாது. முதியவர்கள் நாற்காலியைப் பிடித்தபடி மெதுவாகச் சரிவதும் அப்படித்தான். என்னிடம் இருக்கும் விழுதல்கள் எல்லாம் இளையவர்கள் மெத்தையில் வேண்டுமென்றே விழுந்தவை. மெல்லச் சரிவதில் வேகம் பெரிதாகத் தெரியாது என்பதால் அங்கும் உயரமே கைகொடுக்கும் என்று எதிர்பார்க்கிறேன், ஆனால் சோதித்துப் பார்த்த முடிவாக இதைச் சொல்ல மாட்டேன்.