ஒரு குரலா, இரு குரலா? காதல் மர்ம நாவலுக்கு எது பொருந்தும்?

மட்டக்களப்பைக் களமாகக் கொண்டு, குடும்ப இரகசியமும் உடைந்த நம்பிக்கையும் கலந்த காதல் மர்ம நாவல் எழுத முனையும் இளையோர், கதையை நாயகி மட்டும் சொல்வதா, காதலர் இருவரும் மாறிமாறிச் சொல்வதா என்று தயங்குவதுண்டு.

இரகசியம்: இங்கு குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியே வருவதாலும், ஒரே குடிக்குள் மணம் செய்வதை மரபு விலக்குவதாலும், 2004 ஆழிப்பேரலையில் தாயை இழந்து வேறொரு வீட்டில் வளர்ந்த ஒருத்தியின் பிறப்பு மறைக்கப்பட்டிருப்பது ஒன்றே முழு நாவலையும் தாங்கும். ஒற்றைக் குரலில் அவள் அறியாததை வாசகரும் அறியார். மறைப்பு இயல்பாக அமைகிறது. இரு குரலிலோ, உண்மை தெரிந்த காதலன் தன் அத்தியாயத்திலும் அதைச் சொல்லாதிருந்தால், வாசகர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வர்.

துரோகம்: ஒற்றைக் குரலில் அவனது மௌனம் வெறும் வஞ்சகமாகத் தோன்றக்கூடும். இரு குரலில் அவன் வாய் திறவாத காரணமும் தெரிவதால் வலி கூர்மையாகும். என் விருப்பம் இதுவே.

உழைப்பு: பின்னையது கடினம். இருவர் பேச்சும் ஒன்றுபோல் ஒலித்தால் நாவல் சரியும்.

முதல் நாவலுக்கும், இறுதித் திருப்பத்தை நம்பிய கதைக்கும் நாயகியின் குரலே போதும். இரகசியத்தை நடுவிலேயே உடைத்துவிட்டு, அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதை ஆராயும் கதைக்கு இரு குரல் வேண்டும்.