ஃபுட்பால் ஸ்பெஷலா, லீக் லைனரா?

இங்கிலாந்துல 70கள்ல வெளியூர் மேட்சுக்கு ரயில்ல போன பெருசுங்க கிட்ட பேச்சு குடுத்தா ரெண்டு வண்டி கண்டிப்பா வரும்.

ஒண்ணு சாதாரண ஃபுட்பால் ஸ்பெஷல். பிரிட்டிஷ் ரயில், அதாவது அப்போ அங்க இருந்த அரசாங்க ரயில்வே, அவங்க கிட்ட இருந்ததுலயே ஓட்ட ஒடசல் பெட்டியா பாத்து கோத்து விடுவாங்க, எப்படியும் பசங்க சீட்ட கிழிச்சு பல்ப கழட்டி ஜன்னல் வழியா வீசத்தான் போறாங்க, அப்புறம் எதுக்கு நல்ல பெட்டின்னு ஒரு கணக்கு. டாய்லெட் பத்தி கேக்கவே வேணாம். ஆனா டிக்கெட் சீப்பு. எறங்குனா ப்ளாட்ஃபார்ம்ல போலீஸ் நாயோட நிக்கும், அங்கேருந்து கிரவுண்டு வரைக்கும் ஆட்டு மந்தை மாதிரி ஓட்டிட்டு போவாங்க. ஹல் சிட்டி கிளப்போட எடம் மாதிரி இருந்தா அந்த தொல்லையும் கம்மி, அவங்க பூத்ஃபெரி பார்க் கிரவுண்ட ஒட்டியே 1951லயே ஒரு ஸ்டேஷன் இருந்துச்சு, எறங்குனா நேரா உள்ள.

இன்னொண்ணு லீக் லைனர். 1973ல மேட்ச் நடத்துற ஃபுட்பால் லீக் அமைப்பும் பிரிட்டிஷ் ரயிலும் சேந்து விட்டது. நல்ல வண்டி குடுத்தா ஒழுங்கா நடப்பாங்கன்னு ஒரு நெனப்பு போல. ரயில்லயே டிஸ்கோ பெட்டி! காலங்காத்தால மேட்சுக்கு போறவன் எவன் டிஸ்கோ ஆடுவான், சொல்லுங்க. சில வருஷத்துலயே மூட்டைய கட்டிட்டாங்க.

சொகுசுன்னா லைனர்தான், சந்தேகமே இல்ல. என்னைய கேட்டா அந்த ஓட்ட வண்டிக்குத்தான் ஓட்டு, மூணு கோல் வாங்கிட்டு இருட்டுல திரும்பி வரப்போ மொத்த பெட்டியும் சேந்து பாடுறதுக்கு டிஸ்கோ எதுக்குங்க?