ரோபோ பாகம்: ஊர் லேத் பட்டறையா, இணைய சிஎன்சியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில், பள்ளி ரோபோ குழுவுக்கு உலோகப் பாகம் செய்ய வழி இரண்டு. செம்பனை ஆலைக்கும் லாரிகளுக்கும் தண்டு கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்று. ஸ்டெப் கோப்பை (பாகத்தின் முப்பரிமாண வடிவம் உள்ள கணினிக் கோப்பு) இணையத்தில் ஏற்றினால் விலை சொல்லி, கணினி ஓட்டும் எந்திரத்தில் வெட்டிச் செய்து, கூரியரில் அனுப்பும் சிஎன்சி சேவை இன்னொன்று.

தண்டு, புஷ், ஸ்பேசர் போன்ற உருண்டைச் சாமான்களுக்கு என் ஓட்டு பட்டறைக்கே. 608 என்ற எண்ணுள்ள பேரிங்கைக் கையோடு கொண்டுபோனால் போதும். அதன் வெளிவிட்டம் 22, துளை 8 மில்லிமீட்டர். "தம்பி, இறுக்கமா வேணுமா, லேசா வேணுமா?" என்று கேட்டு, பேரிங்கைப் போட்டுப் பார்த்தே கடைவார் பட்டறை அங்கிள். இணையத்தில் அப்படிக் கேட்க ஆளில்லை. டாலரன்ஸை, அதாவது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதை, நீங்களே வரைபடத்தில் எழுத வேண்டும். அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் உண்டாக்கும் காப்புப் படலம்) கேட்டால் அந்தப் படலத்தின் கனமும் கணக்கில் சேரும்.

ஆனால் நிறையத் துளைகள் உள்ள பக்கத் தகடு, இடமும் வலமும் அச்சாகப் பொருந்த வேண்டுமா? சிஎன்சிதான். துளைகளின் இடைவெளி பிசகினால் கியர்கள் சரியாகச் சேராது. உட்புற மூலைகளுக்கு மட்டும் வளைவு கொடுத்து வரையுங்கள். சுழலும் கட்டர் கூர்மூலை வெட்டாது. எங்கே செய்தாலும் 6061 ரக அலுமினியம் என்று சொல்லிக் கேளுங்கள். கிடக்கும் எஃகுத் துண்டில் செய்தால் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

விலை? ஒரே ஒரு பாகம் என்றால் இணையத்தில் கையைக் கடிக்கும், நான்கைந்தாகச் செய்தால் இறங்கும். போட்டி நெருங்கும்போது தண்டு வளைந்துவிட்டதா, நேராகப் பட்டறைக்கு ஓடுங்கள். அப்புறம், சீனப் பெருநாள் சமயத்தில் சீனாவிலிருந்து வரும் ஆர்டரை நம்பவே வேண்டாம்.