பினாங்கில் மரம் வெட்ட ஆள் தேடுகிறவர்களே, கவனம்: என் 2,800 ரிங்கிட் போய்விட்டது

நேற்றுதான் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. 2,800 ரிங்கிட். ஓய்வு பெற்றவளுக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஜெலுத்தோங்கில் எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டு நிலத்தில் அப்பா நட்ட மாமரம் நிற்கிறது. அதன் வேர் கால்வாய்ச் சுவரைப் பிளந்துவிட்டது. மழை பெய்தால் அடுத்த வீட்டு அங்கிளின் வாசலில் தண்ணீர் நிற்கிறது. அவர் இரண்டு வருடமாக நயமாகச் சொல்லிப் பார்த்தார், பிறகு சொல்வதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் இணையத் தளம் ஒன்றில் தேடினேன். தளத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று மருமகன் சொல்லிவிட்டார். ஐந்து நட்சத்திரம், நல்ல நல்ல பாராட்டுகள். தமிழ்க்காரன் வேறு. சரி, நம்மவன் என்று கூப்பிட்டேன்.

புதன்கிழமை வந்தான். வந்தவன் விலை பேசவில்லை. மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, பட்டையில் கையை வைத்து, "அக்கா, இது அப்பா நட்டதா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிறகு அளவு நாடாவை எடுத்து, முழங்கால் உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கட்டினான். 142 சென்டிமீட்டர். "80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது அக்கா. மாட்டினால் நீங்கள்தான் கோர்ட்டில் நிற்க வேண்டும்" என்றான்.

இதில் வேதனை என்ன தெரியுமா? அவன் சொன்ன சட்டம் உண்மை. பிறகு மருமகன் தேடிப் படித்துச் சொன்னார். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், 35எச் பிரிவு. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், ஊராட்சித் திட்டமிடல் அதிகாரத் தரப்பின், எங்களுக்கு மாநகர் கழகத்தின், எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். செத்த மரம், சாகிற மரம், உடனடி ஆபத்தாக நிற்கிற மரம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 80 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் குறுக்கே ஒரு சாணுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இத்தனை வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், என் வீட்டு மரத்துக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. அந்தத் திருடனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தான்.

"அனுமதியை நானே எடுத்துத் தருகிறேன், 600 ரிங்கிட்" என்றான். கொடுத்தேன். வெள்ளிக்கிழமையே புலனத்தில் (வாட்ஸ்அப்) கடிதம் வந்துவிட்டது. மேலே சின்னம், மலாயில் நான்கு வரி, ஒரு குறிப்பு எண், கீழே கையெழுத்து. இரண்டே நாளில் எந்த அலுவலகம் அனுமதி கொடுக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை இரண்டு ஆட்களோடு வந்தான். ரம்பத்தை எடுப்பதற்கு முன் என்னிடம் வெற்றிலையும் கற்பூரமும் கேட்டான். "உயிருள்ளது அக்கா, மன்னிப்புக் கேட்காமல் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லி மரத்தடியில் கற்பூரம் ஏற்றினான். நானும் கும்பிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அவன் கேட்டபடி 2,200 ரிங்கிட்டை அவன் சொன்ன கணக்கில் போட்டேன். கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. மனைவி என்றான். 600, 2,200, ஆக 2,800.

மதியத்துக்குள் தெருப்பக்கக் கிளைகளை மட்டும் வெட்டித் தள்ளினார்கள். "லோரி எடுத்து வருகிறேன்" என்று கிளம்பினான். அவ்வளவுதான். கிளைகள் பாதி சாலையில், பாதி கால்வாயில். வெட்டிய இடத்தில் பால் வடிந்து கறுத்து, செவ்வெறும்புகள் கூடு கலைந்து வீட்டுச் சுவரெல்லாம் ஏறின.

சாயங்காலம் அழைத்தேன், லோரி பழுது. ஞாயிறு அழைத்தேன், மாமியார் இறந்துவிட்டார். நானும் முட்டாள்தனமாக அனுதாபம் சொன்னேன். திங்கள் காலை மறுபடி மாமியார் இறந்துவிட்டார். "நேற்றே சொன்னாயே தம்பி" என்றதும் இணைப்பைத் துண்டித்தான். அதன் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டான்.

அன்று மதியம், சாலையில் கிடந்த கிளைகளைப் பற்றி யாரோ புகார் செய்து, மாநகர் கழகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நான் மிடுக்காகக் கடிதத்தைக் காட்டினேன். அவர் கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "புவான், இது எங்கள் கடிதம் இல்லை" என்றார். எனக்கு நா வறண்டுவிட்டது. நல்ல மனிதர், திட்டவில்லை. "மீதி மரத்தை இனி யாரும் தொடக் கூடாது, முறைப்படி விண்ணப்பியுங்கள்" என்றார். அந்த அயோக்கியன் அடியோடு வெட்டியிருந்தால் அபராதமோ சிறையோ, குற்றவாளி நான்! பாதியில் ஓடியதால்தான் தப்பித்தேன். 2,800 ரிங்கிட்டையும் கொடுத்துவிட்டு இதற்கு அவனுக்கு நன்றி வேறு சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அந்தத் தளத்துக்கு எழுதினேன். "உங்கள் மனநிறைவே எங்கள் முதன்மை" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே வரி. மூன்றாவது முறை மனிதர் யாரோ எழுதினார்: தளத்துக்கு வெளியே செலுத்திய பணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, அறிமுகம் செய்வது மட்டுமே எங்கள் வேலை. நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனத்தையும் காணோம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அனுமதிக்கு நீங்களே விண்ணப்பியுங்கள். யாராவது கடிதம் காட்டினால் குறிப்பு எண்ணை மாநகர் கழகத்தில் கேட்டுவிட்டுக் காசைத் தொடுங்கள். பணம் போட்டு ஏமாந்தது தெரிந்த உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், என்னைப்போல நாள் கடத்தாதீர்கள். பணம் போடும் முன்பே, அந்தக் கணக்கு எண் மீது மோசடிப் புகார் இருக்கிறதா என்று போலீசின் செமாக் மியூல் (Semak Mule) தளத்தில் பார்த்துவிடுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட்தான், ஆனால் அங்கே எதிராளியின் உண்மைப் பெயரும் முகவரியும் வேண்டுமே! என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும், மரத்தடியில் கற்பூரம் எரிந்த கறுப்பு வட்டமும்தான். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு, அங்கே 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம். அங்கேயும் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இன்று காலை தங்கை மகள் அதே தளத்தில் பார்த்திருக்கிறாள். வேறு பெயர், வேறு படம், மறுபடி ஐந்து நட்சத்திரம். சந்தேகத்தில் அழைத்து, ஆயர் ஈத்தாமில் ஒரு பலாமரம் வெட்ட வேண்டும் என்று சொன்னாள். ஒலிபெருக்கியில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். விலை பேசவில்லை. குரல் கனிந்தது.

"அக்கா, இது அப்பா நட்டதா?"