சாஸையும் எண்ணெயையும் எடைபோட டிஜிட்டல் தராசு: கலோரிக் கணக்கு எழுதுவோருக்கான மதிப்புரை

உடல் எடையைக் குறைப்பதற்காக அன்றாடம் உண்பதைக் கலோரிக் கணக்காக எழுதி வருபவர்களிடம் அடிக்கடி எழும் ஐயம் ஒன்று உண்டு. தட்டில் உள்ள முதன்மை உணவை மட்டும் குறித்துக்கொண்டால் போதுமா, அதன்மேல் ஊற்றும் டிரெஸ்ஸிங், தொட்டுக்கொள்ளும் சாஸ், தடவும் மயோனைஸ் ஆகியவற்றையும் குறிக்க வேண்டுமா என்பதே அது. இந்த மதிப்புரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சாதாரண டிஜிட்டல் சமையலறைத் தராசு. 5 கிலோ வரை தாங்கக்கூடியது, ஒவ்வொரு கிராமாகக் காட்டுவது. அதனுடன் கைபேசியில் ஒரு கலோரிச் செயலியையும் பயன்படுத்தி வருகிறேன். காய்கறி, இறைச்சி போன்றவற்றை எடைபோட இத்தகைய தராசு உதவும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தொட்டுக்கொள்பவற்றை அளக்க அது எவ்வளவு தகுதியானது என்பதைத்தான் நான் ஊன்றிக் கவனித்தேன்.

தொட்டுக்கொள்பவை அனைத்தையும் ஒரே வகையாகக் கருதுவதால்தான் இந்த ஐயம் தீராமல் நீடிக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கிராம் கொழுப்பில் ஏறத்தாழ 9 கலோரி இருக்கிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி. நீர் மிகுந்த சாஸுக்கும் எண்ணெய் மிகுந்த சாஸுக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு இருப்பது இதனால்தான். 100 கிராமுக்குக் கணக்கிட்டால் வினிகரில் சுமார் 20 கலோரி, சோயா சாஸில் 50-ஐ ஒட்டி, மஞ்சள் நிறக் கடுகு சாஸில் 60-ஐ ஒட்டி, தக்காளி கெச்சப்பில் சுமார் 100, தேனில் 300-க்குச் சற்று மேல், கொழுப்பு குறைக்கப்படாத மயோனைஸில் 700-ஐ ஒட்டி, எண்ணெயில் கிட்டத்தட்ட 900 கலோரி இருக்கும். ஒரு மேசைக்கரண்டி வினிகரை எழுதாமல் விட்டால் 3 கலோரிதான் விடுபடும்; அதே கரண்டி எண்ணெயை விட்டால் 120 கலோரி விடுபடும். இவ்விரண்டையும் ஒரே விதியின் கீழ் கொண்டுவருவதில் பொருளே இல்லை.

நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்ண வேண்டும் என்று திட்டமிட்டிருக்கும் ஒருவர், மதிய உணவில் இரண்டு மேசைக்கரண்டி மயோனைஸையும் இரவுச் சமையலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயையும் குறிக்காமல் விட்டால், ஏறக்குறைய 300 கலோரி கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. அவர் திட்டமிட்ட குறைப்பில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி அது. குறிப்பேட்டில் எல்லாம் சரியாக இருக்கும். எடை மட்டும் இறங்காது. அப்போது பலர் தம் உடலின் வளர்சிதை மாற்றத்தில்தான் ஏதோ கோளாறு என்று மனம் தளர்ந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது. 1992-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஸ்டீவன் லிக்ட்மனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. 1200 கலோரிக்கும் குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று கூறியவர்களை அவர்கள் ஆராய்ந்தபோது, வளர்சிதை மாற்றத்தில் குறை எதுவும் காணப்படவில்லை. உண்ட அளவைத்தான் ஆராயப்பட்டவர்கள் சராசரியாக 47 சதவீதம் குறைத்துக் கூறியிருந்தனர். அந்த ஆய்வு சாஸையும் எண்ணெயையும் தனியே பிரித்துப் பார்க்கவில்லை. ஆயினும், நேர்மையாக எழுதுபவரின் கணக்கிலும் எவ்வளவு பெரிய இடைவெளி விழக்கூடும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

இனி தராசுக்கு வருகிறேன். கரண்டியால் அளப்பதைவிட எடைபோடுவது மேலானது என்பதற்கு மயோனைஸே போதிய சான்று. லேபிளில் ஒரு மேசைக்கரண்டி என்பது 14 கிராம் அளவில்தான் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் கெட்டியான பொருளைக் கரண்டியில் குவித்து எடுக்கும்போது 20 கிராமைத் தாண்டுவது எளிது. அப்படிக் கூடுதலாக வரும் 6 கிராமிலேயே 40 கலோரிக்கு மேல் அடங்கியிருக்கிறது. கரண்டியை வழித்துச் சமன்செய்து அளப்பதை எத்தனை நாள் பொறுமையாகச் செய்ய முடியும்?

இந்தத் தராசில் நான் மிகவும் மதிக்கும் பயன் கழித்து எடைபோடும் முறைதான். மயோனைஸ் பாட்டிலை அப்படியே தராசின்மேல் வைத்து, எடையைப் பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு பாட்டிலை எடுத்து வேண்டிய அளவு பிழிந்துகொண்டு, மீண்டும் தராசின்மேல் வைத்தால், கழித்தல் குறியுடன் 17 என்றோ 22 என்றோ எண் தோன்றும். எடுத்தது அத்தனை கிராம். தனிக் கிண்ணம் வேண்டாம், கரண்டி வேண்டாம், கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை. எண்ணெய்ப் புட்டிக்கும் தேன் குப்பிக்கும் இதே முறை பொருந்தும். ஒருமுறை பழகிவிட்டால், சாஸை எடைபோடுவது பாட்டிலின் மூடியைத் திறந்து மூடுவதைப் போன்ற அனிச்சைச் செயலாகிவிடுகிறது. தொட்டுக்கொள்பவற்றைக் கணக்கில் சேர்ப்பது பெருந்தொல்லை என்று கூறுபவர்களில் பெரும்பாலோர் இம்முறையை ஒரு வாரமாவது செய்து பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இம்முறைக்கு வேறொரு காரணமும் உண்டு. இத்தகைய தராசுகள் பலவற்றில், பூஜ்ஜியத்துக்கு அருகே ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தைக் கருவியே தன் சொந்த அலைவாகக் கருதித் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஆகவே தட்டைத் தராசின்மேல் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால், முதல் சில சொட்டுகள் பதிவாகாமலே போகலாம். பாட்டிலை முழுமையாக எடுத்துத் திரும்ப வைக்கும்போது அந்தச் சிக்கல் எழுவதில்லை.

குறைகளையும் கூற வேண்டும். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் தராசில் 3 கிராம் எண்ணெயை அளந்தால், ஒரு கிராம் பிழைகூட அளவில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அது 9 கலோரிதான் என்பதால் நான் பொருட்படுத்துவதில்லை. கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசுகள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பல 500 கிராமுக்கு மேல் தாங்குவதில்லை. நிறைந்த கண்ணாடிக் குப்பியை அவற்றின்மேல் வைக்க இயலாது என்பதால், இந்தப் பணிக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். தானாக அணைந்துவிடும் ஏற்பாடு இதைவிடப் பெரிய இடையூறு. பாட்டிலை எடுத்துச் சென்று நிதானமாகப் பரிமாறிவிட்டுத் திரும்புவதற்குள் திரை அணைந்துவிட்டால், பூஜ்ஜியமாக்கிய கணக்கும் அழிந்துவிடும். வாங்குபவர்கள் அணையும் நேரத்தைத் தவறாமல் கேட்டறிய வேண்டும்.

மில்லிலிட்டர் காட்டும் வசதியை நம்ப வேண்டாம் என்று அழுத்தமாகக் கூறுவேன். தராசு எடையை மட்டுமே அறியும். மில்லிலிட்டர் என்று அது காட்டுவது, பொருளின் அடர்த்தி நீருக்கு நிகரானது என்ற அனுமானத்தில் எழும் எண். 15 மில்லி எண்ணெய் 14 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், 15 மில்லி தேன் 21 கிராம் அளவிலும் இருக்கும். எல்லாவற்றையும் கிராமிலேயே எடுத்து, செயலியிலும் கிராமிலேயே பதிவது ஒன்றே பிழையற்ற வழி.

செயலியைப் பற்றி அவ்வளவு நிறைவாகக் கூற இயலவில்லை. பயனர்களே சேர்த்த பதிவுகள் கலந்திருப்பதால், மயோனைஸ் என்று தேடினால் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல எண்கள் வருகின்றன. பார்கோடை ஸ்கேன் செய்த பிறகும், 100 கிராமுக்கான எண்ணைப் பாட்டிலின் லேபிளுடன் ஒருமுறை ஒப்பிட்டுவிடுவது நல்லது. லேபிளையும் கவனித்தே படிக்க வேண்டும். அமெரிக்க விதிகளின்படி, ஒரு பரிமாறும் அளவில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் பூஜ்ஜியம் என்று அச்சிடலாம். பீய்ச்சியடிக்கும் எண்ணெய்க்கு அங்கே பரிமாறும் அளவு கால் கிராம்தான். ஆகவே முழுக்க முழுக்கக் கொழுப்பாக இருக்கும் பொருளின்மேல் பூஜ்ஜியக் கலோரி என்று அச்சாகிறது. வாணலி முழுவதும் படரும்படி சில வினாடிகள் அடித்தால் பல கிராம் சேர்ந்துவிடும். அந்தக் குப்பியையும் கழித்து எடைபோட்டு, கிராமுக்கு 9 கலோரி என்று எழுதுவதே சரி.

நடைமுறையில் நான் பின்பற்றும் எல்லை இது. 100 கிராமுக்கு 200 கலோரிக்கு மேல் உள்ள எதையும் எடைபோடாமல் விடுவதில்லை. வினிகர், கடுகு சாஸ், சோயா சாஸ் ஆகியவற்றைக் கலோரிக்காக எழுதுவதில்லை. கெச்சப் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: ஒரு மேசைக்கரண்டிக்கு 20 கலோரிக்குள் அடங்கிவிடும் என்றாலும், தாராளமாக ஊற்றிக்கொள்பவர்களுக்கு 60, 70 கலோரி வரை போகும், அவர்கள் எழுதிவிடுவதே நல்லது. சோயா சாஸைப் பொறுத்தவரை, ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருப்பதால், மறுநாள் காலையில் உடலில் தங்கும் நீரால் எடை கூடித் தெரியலாம். அது கொழுப்பு அன்று. சில நாள்களில் இறங்கிவிடும். ஆகவே அந்த ஓர் எண்ணைப் பார்த்து உணவை மேலும் குறைக்க வேண்டியதில்லை.

தட்டின் அடியில் தங்கிவிடும் டிரெஸ்ஸிங்கையும் வாணலியில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் நான் கழிப்பதில்லை. கணக்கு சற்று மிகுதியாக இருப்பதால் கேடில்லை. வெளியே உண்ணும்போது தராசுக்கு வேலையில்லை. டிரெஸ்ஸிங்கைத் தனியாகத் தரும்படி கேட்டு, வேண்டிய அளவு மட்டும் சேர்த்துக்கொள்வதே அங்கே இயலக்கூடியது.

எடை குறைப்பை இப்போதுதான் தொடங்குபவர்களுக்கு, முதல் சில வாரங்களில் எண்ணெய், மயோனைஸ், டிரெஸ்ஸிங் ஆகிய மூன்றை மட்டுமாவது எடைபோட இந்தத் தராசை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். கண் அந்த அளவுகளுக்குப் பழகிய பிறகு, அவ்வப்போது சரிபார்த்தாலே போதும். ஆனால் உணவு தொடர்பான மனநலக் கோளாறு முன்பு இருந்தவர்களோ, கிராம்களை எண்ணும்போது பதற்றம் கூடுவதாக உணர்பவர்களோ, மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் இத்தகைய தராசை வாங்க வேண்டாம்.