குதிநாண் காயத்துக்குப் பின் முதல் அரை மாரத்தான்: பதினொரு மாத அனுபவம்

வலது காலின் குதிநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நார்) வீங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்கவே தயங்கிய நாளிலிருந்து சரியாக நாற்பத்தெட்டு வாரங்கள் கழித்து, 21.0975 கிலோமீட்டரை முதன்முறையாக ஓடி முடித்தேன். இடைப்பட்ட காலத்தில் நான் கடைப்பிடித்தவற்றில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை, இதே காயத்தோடு ஓடத் துடிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் ஆறு வாரங்களை முழு ஓய்வில் கழித்தது என் பெரிய தவறு. வலி முற்றிலும் மறைந்ததால் குணமாகிவிட்டது என்று நம்பி ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் காலை பாதத்தை ஊன்ற முடியவில்லை. சுமையே இல்லாமல் கிடக்கும் நாண் வலியை மறக்குமே தவிர வலுப்பெறாது என்று இயன்முறை மருத்துவர் விளக்கியபோதுதான், ஓய்வைச் சிகிச்சை என்று எண்ணியிருந்தது புரிந்தது.

அவர் தந்தது குதிகாலை இறக்கும் பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு கால்களாலும் எழும்பி, காயம்பட்ட காலால் மட்டும் மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, சற்றே மடக்கி மூன்று சுற்று, இவை காலையும் மாலையும் என்று நாளொன்றுக்கு 180 முறை, 12 வாரங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட்சன் குழுவினர் 1998இல் வெளியிட்ட முறை இது. முழங்காலை மடக்குவது, கெண்டைக்காலின் உட்தசைக்குச் சுமையைக் கூட்டுவதற்காக. முதல் மூன்று வாரங்களில் வலி கூடியதால் விட்டுவிடலாம் என்றே தோன்றியது. ஐந்தாம் வாரத்துக்குப் பிறகுதான் படியிறங்குவது இயல்பானது. எனக்கு வலி குதிகால் எலும்புக்குச் சில விரற்கடை மேலே, நாணின் நடுப்பகுதியில் இருந்தது. நாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி இருப்பவர்களுக்குப் படிக்குக் கீழே இறக்குவது பொருந்தாமல் போகலாம் என்பதால், எங்கே வலிக்கிறது என்பதை முதலில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என ஆறு முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். மூச்சு வாங்குவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். உண்மையில் எனக்குக் கடினமாக இருந்தது அதுதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழைய நிலையை நெருங்கிவிடுகின்றன, நாணுக்கோ மாதங்கள் தேவைப்படுகின்றன. இந்த வேறுபாட்டை மதிக்காமல், ஓடத் தொடங்கிய ஒன்பதாம் வாரத்தில் வேகத்தைக் கூட்டினேன், அதற்கு விலையாக இரண்டு வாரங்கள் பின்வாங்க நேர்ந்தது. தூரத்தைக் காட்டிலும் வேகமும் மேட்டுப்பாதையும்தான் என் நாணைச் சோதித்தன.

என்னை இறுதிவரை காப்பாற்றியது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். தினமும் காலையில் எடுத்து வைக்கும் முதல் பத்து அடிகளில் தெரியும் இறுக்கத்துக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் குறித்தேன். 2007இல் சில்பெர்னாகெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியின்போது வலி ஐந்து வரை போகலாம், மறுநாள் காலைக்குள் தணிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் பயன்படுத்தப்பட்டது. நான் மூன்றையே எல்லையாக வைத்துக்கொண்டேன். ஓட்டத்தின் அளவை வாரத்துக்கு பத்து சதவீதம் மட்டுமே கூட்ட வேண்டும் என்ற பிரபலமான விதியை முதலில் பின்பற்றினேன். புதிதாக ஓடத் தொடங்கியவர்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், அவ்வாறு படிப்படியாகக் கூட்டிய குழுவினருக்குக் காயம் குறைந்திருக்கவில்லை என்று படித்த பிறகு, கணக்கை விட்டுவிட்டு அந்தக் காலை மதிப்பெண்ணை மட்டும் நம்பினேன். கையிலிருந்த ஸ்மார்ட் வாட்ச், இதயத்துடிப்பை வைத்து "இன்று தயார்" என்று காட்டிய பல நாட்களில் நாண் தயாராக இருக்கவில்லை.

ஷூவைப் பொறுத்தவரை, முன்பாதத்தைவிடக் குதிகால் பகுதி 10 மில்லிமீட்டர் உயர்ந்த ஷூ தொடக்கத்தில் உதவியது. தட்டையான ஷூக்களில் நாணுக்கு இழுவிசை கூடுகிறது.

பத்து கிலோமீட்டரை எட்டிய பின் எஞ்சிய 14 வாரங்களில் நீண்ட ஓட்டத்தை 18 கிலோமீட்டர் வரை கொண்டுபோய், கடைசி இரண்டு வாரங்கள் குறைத்தேன். பந்தயத்தில் எட்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்ற முறையைத் தொடக்கம் முதலே கடைப்பிடித்தேன். பதினாறாவது கிலோமீட்டரில் இறுக்கம் தெரிந்தபோது வேகத்தைக் குறைத்தேன். 2 மணி 31 நிமிடத்தில் முடிந்தது. எல்லைக்கோட்டைக் கடந்த மகிழ்ச்சி பெரிதுதான். ஆனாலும் மறுநாள் காலை அந்தப் பத்து அடிகளுக்குப் பின் நோட்டில் "2" என்று எழுதியபோதுதான் கண் கலங்கியது. மூன்றாம் நாள் பூஜ்யம்.

இப்போதும் வாரத்துக்கு இரண்டு நாள், முதுகில் எடை ஏற்றிக்கொண்டு குதிகால் பயிற்சியைச் செய்கிறேன். சென்ற மாதம் வேலைப்பளுவில் பத்து நாள் விட்டபோது இறுக்கம் திரும்பியது. அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் பதிவதை அதனால் தள்ளிவைத்திருக்கிறேன்.