உதகையா, குன்னூரா: மலையில் வீடு வாங்குவோருக்கு

குளிர்: ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையின் பள்ளத்தாக்குகளில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். சுமார் 1,850 மீட்டரிலுள்ள குன்னூரில் குளிர் மிதமானது.

நிலம்: விலையைவிட இதையே நான் முதலில் பார்ப்பேன். குன்னூரில் பல வீடுகள் செங்குத்தான சரிவுகளில் நிற்பதால், 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளை மனத்தில் கொண்டு, தாங்குசுவரையும் மழைநீர் வடிகாலையும் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை தயவுசெய்து முன்பணம் கொடுக்காதீர்கள். உதகையின் தாழ்வான பகுதிகளிலோ, கனமழையில் தண்ணீர் தேங்குமா என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டறிய வேண்டும்.

போக்குவரத்து: மேட்டுப்பாளையத்துக்குக் குன்னூரே அருகில், கோடை நெரிசல் உதகையில் கடுமை.

மாவட்ட அலுவலகங்களும் அரசு மருத்துவக் கல்லூரியும் உதகையில் இருப்பதால் பணியில் உள்ளோருக்கு அவ்வூர் பொருந்தும். குளிர் தாங்காத முதியோருக்கு, சமதளமான மனை கிடைக்குமானால், குன்னூரையே பரிந்துரைப்பேன்.